ஒரே அணி பேசினால் பட்டிமன்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளிகளில், பிரிட்டனிடமிருந்து அந்த நாடு பிரிந்த புரட்சிக் காலத்து எழுத்துகளை வைத்துப் பிள்ளைகளுக்கு வாதிடக் கற்றுத்தருகிறார்கள் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாதி சரி. என் மகள் இங்கே பதினொன்றாம் வகுப்பில் அதைத்தான் படிக்கிறாள் என்பதால் மீதிப் பாதியை நான் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அந்தப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் ஹென்றியின் "விடுதலை கொடுங்கள், இல்லையேல் மரணம் கொடுங்கள்" உரையை வீட்டுப்பாடமாகக் கொண்டுவந்தாள். உணர்ச்சியைத் தூண்டும் வரிக்கு ஒரு நிறம், தர்க்கத்துக்கு ஒரு நிறம், பேசுபவர் மேல் நம்பிக்கை வரவைக்கும் வரிக்கு இன்னொரு நிறம் என்று ஹைலைட்டரால் தீட்ட வேண்டும், அவ்வளவுதான். தாள் ஹோலிப் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது, முழு மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னது சரியா, தப்பா என்று யாரும் கேட்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹென்றி பேசியது 1775 மார்ச் 23, ரிச்மண்ட் நகரத்து தேவாலயம் ஒன்றில். கையில் எழுதிவைத்துப் பேசியதாக எந்தப் பிரதியும் கிடைக்கவில்லை. இன்று பாடத்தில் இருப்பது, அவர் இறந்து 18 வருஷம் கழித்து 1817-இல் வில்லியம் வர்ட் என்பவர், கேட்டவர்களின் நினைவை வைத்துத் தொகுத்துத் தன் நூலில் போட்டது. "ஹென்றி ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்?" என்பது வீட்டுப்பாடத்தில் மூன்றாவது கேள்வி!

சரி, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு வருவோம், சரக்கு அங்கேதான் இருக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு கணக்குப் போலப் போகிறது: மக்களின் உரிமையை ஓர் அரசு அழித்தால் அதை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு, இந்த பிரிட்டிஷ் மன்னர் அழித்தார், இதோ பட்டியல், ஆகவே விலகுகிறோம். பட்டியல் முழுக்க "அவர் மறுத்தார்", "அவர் கலைத்தார்" என்று மன்னர் மேலேயே குற்றம். நானும் மகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தேடினோம், பார்லிமென்ட் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. ஆனால் 1765-இல் அமெரிக்கர்கள் மேல் முத்திரை வரி (பத்திரங்கள், பத்திரிகைகள் போன்ற தாள்களுக்கான வரி) போட்டதே பிரிட்டிஷ் பார்லிமென்ட்தானே? அப்புறம்தான் பிடிபட்டது. எங்கள் பிரதிநிதி இல்லாத பார்லிமென்டுக்கு எங்கள் மேல் அதிகாரமே கிடையாது என்பது அமெரிக்கர்களுடைய பழைய வாதம். இப்போது அதை எதிராளியாகப் பெயர் சொல்லி நிறுத்தினால் இத்தனை நாள் அதிகாரம் இருந்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மிச்சமிருந்த ஒரே முடிச்சு மன்னர், அதை மட்டும் அறுத்தால் போதும். மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ எழுதாம விட்டதும் வாதம்தானாப்பா?" என்றாள். எந்த ஹைலைட்டரில் அதைத் தீட்டுவது?

என் குறை இதுதான்: எதிர்த்தரப்பை வகுப்புக்குள்ளேயே விடுவதில்லை. 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன், பிரிட்டனை விட்டுப் பிரிய வேண்டும் என்று 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். ஒரு கண்டத்தை ஒரு தீவு என்றென்றைக்கும் ஆள்வதாவது, எந்தத் துணைக்கோளும் தன் கோளைவிடப் பெரிதாக இல்லையே என்று அதில் கேட்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோளின் அளவுக்கும் ஆட்சி உரிமைக்கும் என்ன சம்பந்தம்? அதே பிலடெல்பியாவில் அதே வருஷம் ஜேம்ஸ் சால்மர்ஸ் 'ப்ளெய்ன் ட்ரூத்' என்று மறுப்பு எழுதினார். இரண்டையும் அச்சிட்டது ராபர்ட் பெல் என்ற ஒரே ஆள் (வியாபாரி என்றால் அப்படி இருக்கணும்). பெய்ன் பாடத்தில் இருக்கிறார், சால்மர்ஸைக் காணோம். அதேபோல 1774-இல் சாமுவேல் சீபரி என்ற பாதிரியார் விவசாயி என்று புனைபெயர் வைத்து பிரிட்டன் பக்கம் நின்று எழுதியதற்கு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுகூட ஆகாத அலெக்சாண்டர் ஹாமில்டன் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர்) வரிக்கு வரி பதில் கொடுத்தார். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எது? ஒரு அணியை மட்டும் மேடையேற்றிவிட்டு அதைப் பட்டிமன்றம் என்று நாம் யாராவது சொல்வோமா?

இதை ஆசிரியையிடம் கேட்டேன். நல்ல மனுஷி, பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேர்வுக்கு நாள் போதவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டில் மட்டும் நிறுத்தவில்லை. அடிமைகளை ஓட்டுகிறவர்களிடமிருந்தே விடுதலைக் கூச்சல் உரக்க வருவது எப்படி என்று 1775-இல் லண்டனிலிருந்து ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கேட்டாரே, அதை நேற்று எடுத்தோம். ஹென்றியே அடிமைகளை வைத்திருந்தவர். அவர் போலி என்றால் அவர் வாதமும் போலியா என்று கேட்டேன். ஆள் வேறு, வாதம் வேறு என்றாள் மகள். அடிமையாக இருந்தவரிடம் போய் அதைச் சொல்லிப் பார் என்கிறாள் என் மனைவி. இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்