நிற்க வைத்தும் ஒரு முறை பிரஷர் பாருங்கள்

பிரஷர் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வணக்கம்.

"எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது" என்று வயதான ஒருவர் சொல்கிறார். உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். 130/80. "பிரஷர் நார்மல்தான், நல்லா சாப்பிடுங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். அளவு சரிதான். ஆனால் அவருக்குத் தொந்தரவு உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லையே!

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டர் அளவுக்காவது ரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. தன்னிடம் திரும்பி வருவதைத்தான் இதயம் வெளியே தள்ள முடியும். வரவு குறைந்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் அளவு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. இதை முதலில் அறிபவை கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு நுனிகள். தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று துடிப்புக்குத் துடிப்பு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை அவை. சுவர் விரிவது குறைந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது. உடனே முகுளம், இதயத்தின் வேகத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. சாதாரணப் பிடியல்ல அது. நரம்புகளின் தலையீடே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் 70 என்று இருப்பது வேகஸ் அடக்கி வைத்திருப்பதால்தான். பிடி தளர்ந்த ஒன்றிரண்டு துடிப்புக்குள் நாடி ஏறுகிறது. அப்புறம் சில வினாடிகளில் பரிவு நரம்புகள் சிறு தமனிகளையும் சிரைகளையும் இறுக்குகின்றன. நின்றபடி இருக்கும்போது மூளைக்கு ரத்தம் கிடைக்க நாடி ஏறுவது மட்டும் போதாது, இந்த இறுக்கமும் வேண்டும். எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இது அலுத்ததே இல்லை.

வயதாக ஆக இந்த ஏற்பாடு மந்தமாகிறது. சர்க்கரை நோய் பல வருடம் நீடித்தால் நரம்புகளே பழுதாகலாம். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ரத்தக் குழாய்களை இறுக விடுவதில்லை. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் ரத்தத்தின் அளவையே குறைக்கும். வயதானவர்களில் பலர் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்தே சுமக்கிறார்கள்.

அவரை 5 நிமிடம் படுக்க வைத்துப் பாருங்கள். பிறகு நிற்க வைத்து, முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவர் சொன்னதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கூடவே நாடியையும் எண்ணுங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். அழுத்தம் இறங்கியும் நாடி அசையவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும், அல்லது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். நாடி மளமளவென்று ஏறினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும்.

வெளியே வரிசை காத்திருக்கிறது, தெரியும். எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. தலைசுற்றுகிறது என்பவர்களுக்கும், ஒருமுறை விழுந்தவர்களுக்கும், பிரஷர் மாத்திரையைக் கூட்டப்போகிறவர்களுக்கும் செய்தால் போதும். இரவில் கழிப்பறைக்கு எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சீட்டில் படுத்த அளவு, நின்ற அளவு இரண்டையும் எழுதிக் கொடுங்கள். அடுத்துப் பார்க்கும் மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் அதைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியை ஒருவர்