பொங்கலுக்கு மலை ஏறி வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டொயோட்டா யாரிஸ் குரொஸ் கார் கைக்கு வந்துவிட்டது, பொங்கலுக்கு கொழும்பிலிருந்து அதிலேயே நுவரெலியா வருகிறேன் என்று சொன்னாய். சந்தோஷம். "முன்னால் எது வந்தாலும் காரே பிரேக் போடும், பயப்படாதீங்க" என்று அம்மாவிடமும் சொன்னாயாம். அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். கார் பிரேக் போடும், பொய்யில்லை. ஆனால் அது எதைப் பார்த்துப் போடுகிறது, எந்த இடத்தில் அதற்குக் கண் தெரியாமல் போகும் என்பதையும் அறிந்துகொண்டு ஏறி வா.

உன் காருக்கு முன்பக்கம் இரண்டு கண். ஒன்று, உள்ளே பின்பார்க்கும் கண்ணாடிக்கு மேலே, முன் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் கேமரா. ரோட்டுக் கோடு, ஆள், சைக்கிள், வாகனம் எல்லாவற்றையும் இனம் காண்பது அது. மற்றது, முன்னால் உள்ள டொயோட்டா சின்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரேடார். முன்னால் போவது எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, என்ன வேகத்தில் நெருங்குகிறது என்று அளப்பது அது. ரேடார் அலை பனிமூட்டத்தைத் தாண்டிப் போகும். கேமராவால் முடியாது, நம் கண்ணுக்கு மறைந்தது அதற்கும் மறைந்ததுதான். டொயோட்டாவின் 2017 விட்ஸ் காரில் ரேடாருக்குப் பதில் லேசர். ரைஸ் காரில் முன்னால் இரண்டு கேமரா மட்டும். அதனால் ஒஃபிஸில் யாராவது "என் காரில் இப்படித்தான்" என்று சொன்னால் கேட்டுக்கொள், உன் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

கேமராவை முதலில் குருடாக்குவது வெளிப் பனி இல்லை, உள் ஈரம். தலவாக்கலை தாண்டியதும் வெளியே குளிர், உள்ளே நாலு பேரின் மூச்சு. கண்ணாடி உட்பக்கம் வியர்க்கும். நீ துணியால் துடைக்கும் இடம் தெளியும். கேமராவின் கூட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சதுரத்துக்குக் கை போகாது. டிஸ்ப்ளேயில் முன் கேமரா பற்றி ஒரு செய்தி வரும், மஞ்சள் விளக்கு எரியும். கார் பழுதென்று பதறாதே. முன் கண்ணாடி டிமிஸ்டரைப் போடு, ஏசியும் ஓடட்டும் (குளிருக்கு ஏசியா என்று கேட்காதே, காற்றின் ஈரத்தை எடுப்பது அதுதான்), சூட்டைக் கூட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை எடு. கண்ணாடி தெளிந்ததும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஜப்பானில் ஓடி வந்த கார் என்றால் செய்தி ஜப்பான் எழுத்தில்தான் வரும். மொழிபெயர்க்கும் செயலியை இப்போதே போனில் இறக்கி வை. ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் படம் பிடித்துப் பார்க்கட்டும்.

ரேடாருக்கு வேறு ஆபத்து, அதை நாமே உண்டாக்குவோம். புதுக் காருக்குப் பூசை போடும்போது அந்தச் சின்னத்தில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, அதற்கு மேலே மாலையும் தொங்கவிட்டால் ரேடாருக்கு முன்னால் திரை போட்ட மாதிரி. பொட்டை பொனட்டில் வை. வைத்தாயிற்று என்றால் புறப்படுமுன் ஈரத் துணியால் துடைத்துவிடு. லொறிக்குப் பின்னால் வந்து அப்பிய சேறும் அதே வேலையைத்தான் செய்யும். வரி அனுமதிப் பத்திரத்தை கேமராவுக்கு முன்னால் ஒட்டாதே. எப்போதாவது கல் பட்டு முன் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால், கேமராவைக் கருவி வைத்துச் சீரமைத்துத் தருவார்களா என்று முதலில் கேள். கண்ணாடியை மட்டும் மலிவாக மாட்டிவிட்டு அனுப்பும் இடத்துக்குப் போகாதே. கேமரா ஒரு பாகை திரும்பியிருந்தாலும் 50 மீட்டருக்கு அப்பால் பார்வை ஒரு மீட்டருக்குக் கிட்ட விலகிவிடும்.

ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலை, தோள், கால் என்று நிற்கும் உருவத்தைப் பார்த்துத்தான் கேமரா "இது மனிதர்" என்று முடிவு செய்கிறது. சாயங்காலம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு ரோட்டோரம் வரும் பெண்ணை நினைத்துப் பார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, தலையில் மழைக்குப் போர்த்திய பொலித்தீன், குனிந்த நடை. அந்த உருவத்தை அது மனிதராக எண்ணாமல் விட்டுவிடலாம். தோட்டம் வரும் இடமெல்லாம் உன் கண்ணை மட்டும் நம்பு.

கித்துல்கல வரை ரோடு ஓரளவு நேர். அதற்கு மேலே இரண்டை அணைத்துவிடு. ஒன்று, முன் வாகனத்தைத் தொடர்ந்து வேகத்தைத் தானே பிடிக்கும் குரூஸ். வளைவில் முன்னால் போன வேன் ரேடாரின் பார்வையிலிருந்து நழுவியதும், ரோடு காலி என்று நினைத்து நீ செட் பண்ணிய வேகத்துக்குக் கார் பாயும். வளைவுக்குள் வேகம் எடுப்பதைப் போல கெட்டது வேறில்லை. மற்றது, கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்பும் வசதி. அது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டருக்கு மேல்தான் வேலை செய்யும், மலையில் பாதி நேரம் தூங்கும். ஆனால் எதிரே பஸ் வளைவை வெட்டி வரும்போது நீ இடது ஓரத்துக்கு ஒதுங்குவாய். கார் அதைத் தவறென்று எண்ணி வலப்பக்கம், பஸ்ஸின் பக்கம், லேசாக இழுக்கும். கையால் வென்றுவிடலாம், ஆனால் அந்த நொடியில் உன்னோடு மல்லுக்கட்டும் ஸ்டியரிங் எதற்கு?

தானாக பிரேக் போடும் வசதியை மட்டும் அணைக்காதே. கொண்டை ஊசி வளைவில் நேரே தெரியும் மண்மேட்டையோ தடுப்பையோ பார்த்து அது சில நேரம் வீணாகக் கத்தும், பிரேக்கும் போட்டுவிடலாம். பின்னால் கொழுந்து லொறி ஒட்டி வந்தால் அது சங்கடம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நுழை, கத்தல் குறையும். எச்சரிக்கும் நேரத்தைத் தாமதமாக வைக்க மெனுவில் இடம் உண்டு.

இனி டயர். பிரேக்கில் சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், சறுக்கலைப் பிடிக்கும் விஎஸ்சி, தானாகப் போடும் பிரேக் எல்லாமே கடைசியில் உள்ளங்கை அளவு ரப்பர் நாலில்தான் தொங்குகின்றன. ஜப்பானின் பனி விழும் பகுதியில் ஓடிய கார், குளிர்கால டயரோடேயே இங்கே வந்து இறங்குவதுண்டு. டயரின் பக்கச் சுவரைப் பார். "ஸ்டட்லெஸ்" என்றோ, மலைக்குள் பனிப்பூ படமோ இருந்தால் மாற்று. அந்த ரப்பர் உறைந்த ரோட்டுக்கு என்றே மென்மையாகச் செய்தது, மேலே மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லிலும் கொழுந்திலும் உறைபனி விழும்தான், ஆனால் உன் டயர் மிதிக்கப்போவது ஈரத் தார். அதில் அந்த ரப்பர் குழைந்து, கார் நிற்கத் தூரம் கூடும். பொத்தானை எவ்வளவு படித்தும் இதைப் பார்க்காமல் விட்டால் வீண். அதே பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயர் பூவின், அதாவது மேலே உள்ள வெட்டுப் பள்ளத்தின், ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை போகலாம் என்பார்கள். மலை மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடு.

காற்று, சாரதிக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி. 230 என்று கிலோபாஸ்கலில் இருந்தால் 33 பிஎஸ்ஐ. மேலே குளிரில் காற்று இறங்கும் என்று கூடுதலாக அடிக்காதே. கொழும்புச் சூட்டில் அடித்த 33, இங்கே விடியற்காலைக் குளிரில் மூன்று நாலு குறைய வேண்டும். ஆனால் 1868 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட மூன்று குறைந்துவிடுவதால் காற்று அளக்கும் மீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும்.

ஈர ரோட்டில் கணக்கு இது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வை. மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் நிற்க 21 மீட்டர், 40இல் 32, 60இல் 60. இறக்கத்தில் இன்னும் கூடும். மூட்டத்தில் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதே. பிரேக்கை முழுவதும் மிதிக்க நேர்ந்தால் மிதி காலுக்குக் கீழே தடதடவென்று உதைக்கும். அது ஏபிஎஸ். காலை எடுத்து எடுத்து மிதிக்கும் பழைய பழக்கம் இங்கே கூடாது. அழுத்தியபடியே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பு. சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு மின்னினால் விஎஸ்சி வேலை செய்கிறது, வேகத்தைக் குறை. மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் அந்த வசதி அணைந்திருக்கிறது அல்லது பழுது. சேற்றில் சில்லுச் சுற்றி நின்றுவிட்டால் மட்டும் அதை அணைத்து வெளியே எடு, உடனே திரும்பப் போடு.

ஏற்றத்தில் வரிசையில் நின்றால், பிரேக்கை விட்டபின் கார் பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி இரண்டு நொடிதான் பிடிக்கும். அதற்கு மேல் கைபிரேக். திரும்பிப் போகும் இறக்கத்தில் கியரை B எழுத்தில் போடு (நிறுத்திவைக்கும் P இல்லை). ஹைபிரிட் பற்றரி நிறைந்ததும் எஞ்சின் திடீரென்று இரையும். பழுதில்லை, இனி எஞ்சின்தான் காரைப் பிடித்து இறக்கப்போகிறது. ரதல்லக் குறுக்கு வீதியால் இறங்காதே, அந்தச் செங்குத்து நமக்குத் தேவையில்லை. கருகிய வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடு, சில்லில் தண்ணீர் ஊற்றாதே.

மூட்டத்தில் ஹெட் லைட் டிம்மில், ஓட்டோ ஹைபீம் அணைந்திருக்கட்டும். ஓடும்போது நாலு சிக்னலையும் போட்டு வைக்காதே, நீ திரும்புவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

புறப்படும் காலையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார். அம்பகமுவவுக்கோ நுவரெலியாவுக்கோ சிவப்பு என்றால் வராதே, பொங்கல் அடுத்த வருஷமும் வரும். மஞ்சள் என்றால் காலை ஆறு மணிக்கே கிளம்பு, பின்னேர மூட்டத்துக்கு முன் நானுஓயா தாண்டிவிடலாம். கித்துல்கலயில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடி, முன் கண்ணாடியையும் அந்தச் சின்னத்தையும் துடை, குரூஸையும் கோட்டு வசதியையும் அணை, அம்மாவுக்கு ஒரு கோல் எடு. பிறகு ஏறு.

அன்புடன்,
அப்பா