சீயக்காய் அரைக்க ஒரு மில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கும் இல்லத்தரசி நான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காது, முடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் அப்படி ஒட்டுவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல்தான்.

ஒரு கிலோ சீயக்காய்க்கு கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ கொட்டை நீக்கிய பூந்திக்காய், 100 கிராம் வெந்தயம், ஒரு கை செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல். மொட்டை மாடியில் மூன்று நாள் காய வேண்டும். உடைத்தால் சீயக்காய் 'டக்'கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். இது என் அத்தை சொல்லிக்கொடுத்த பக்குவம்.

அரைப்பதுதான் பாடு. பக்கத்து மாவு மில்லில் முடியாது என்கிறார்கள். அந்தத் தூள் பறந்தால் தும்மல் நிற்காது, அடுத்து அரைக்கும் அரிசி மாவிலும் வாசம் ஏறும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மில் ஏறி இறங்கினேன். கடைசியில் கடைப் பாக்கெட்டைத்தான் வாங்கினேன். சின்னவளுக்குத் தலையெல்லாம் அரிப்பு.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கடன் தருகிறார்கள். அதில் வடசென்னைக்குச் சீயக்காய்க்கென்றே தனியாக ஒரு மில் வைக்க மாநகராட்சி உதவ வேண்டும். கூலி கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81