‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைப் பற்றி, தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கல்லூரிகளில் தத்துவம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோஷுவா நோப் 2003-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். மன்ஹாட்டன் பூங்கா ஒன்றில் இருந்த 78 பேரிடம், இரண்டு பிரிவாக, ஒரு சின்னக் கதை. புதிய திட்டத்தால் லாபம் கூடும், சுற்றுச்சூழல் கெடும் என்று நிறுவனத் தலைவரிடம் சொல்கிறார்கள். “சுற்றுச்சூழலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, லாபம் வந்தால் சரி” என்று அவர் தொடங்கச் சொல்கிறார். கெட்டும் போகிறது. வேண்டுமென்றே (ஆங்கிலத்தில் ‘intentionally’) கெடுத்தாரா? இதைக் கேட்ட பிரிவில் 82 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மற்றொரு பிரிவினருக்கு அதே கதை, ‘கெடும்’ என்ற இடத்தில் மட்டும் ‘நன்மை கிடைக்கும்’. அவர்களில் 77 சதவீதம் பேர், அவர் வேண்டுமென்றே நன்மை செய்யவில்லை என்றார்கள்.

தலைவரின் மனம் இரண்டு கதையிலும் ஒன்றுதான். விளைவு நல்லதா கெட்டதா என்பது மட்டுமே மாறியது. ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று பார்த்த பிறகே அவரைப் பழிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு இது தூக்கத்தைக் கெடுத்த செய்தி.

கதையை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “தெரிஞ்சேதானே செஞ்சான்” என்றார் உடனே. வேணும்னே செஞ்சானா என்று கேட்டேன். கை நின்றது. “வேணும்னேன்னு சொல்ல முடியாது. ஆனா தெரிஞ்சே செஞ்சான். அதுவே போதாதா?” நன்மைக் கதைக்கு, “அது தானா நடந்தது, அவன் என்ன செஞ்சான்?” என்றார். அந்தத் தலைவருக்கும் விளைவு முன்பே தெரியும். ஆனாலும் ‘தெரிஞ்சே’ என்ற சொல் இந்தமுறை அம்மா வாயில் வரவில்லை.

அம்மா ஒருவரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அவர் பிரித்த இடம் முக்கியமானது. நோபும் அவருடைய சக ஆய்வாளர் அருத்ர புர்ராவும் 2006-இல் இந்தி பேசுவோரிடம் கேட்டபோது ‘ஜான்பூஜ்கர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அறிந்தே என்பதுதான் அதன் உட்பொருள். அங்கேயும், தீமைக்கு ஆம், நன்மைக்கு இல்லை என்ற அதே சாய்வு தெரிந்தது. நம் ‘வேண்டுமென்றே’ என்பதிலோ ‘வேண்டும்’ என்ற விருப்பமே வெளிப்படையாக நிற்கிறது. தலைவர் சுற்றுச்சூழல் கெட வேண்டும் என்று விரும்பவில்லை. அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். இந்தத் தமிழ்ச் சொல்லை வைத்துக் கேட்டாலும் 82 சதவீதம் வருமா? ‘தெரிந்தே’ என்று கேட்டால்? பழி சொல்லும் வேகம்தான் மக்களை இழுக்கிறது என்பவர்களுக்கும், வேண்டுமென்றே செய்வது என்ற கருத்துக்குள்ளேயே நன்மை தீமை கலந்திருக்கிறது என்பவர்களுக்கும் இடையிலான வாதத்தில், இரண்டு சொல்லையும் தினமும் புழங்கும் மொழிக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆங்கிலக் கதையை வகுப்பில் வாசித்துக் காட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். மாணவர்களைப் பேருந்து நிலையத்துக்கும் சந்தைக்கும் அனுப்புங்கள். நிறுவனத் தலைவருக்குப் பதில் சாயப்பட்டறை முதலாளி, சுற்றுச்சூழலுக்குப் பதில் ஆறு. பாதிப் பேரிடம் ‘வேண்டுமென்றே’, பாதிப் பேரிடம் ‘தெரிந்தே’. அப்புறம், பதிலைக் குறிக்கும்போது கட்டத்தில் ஆம், இல்லை மட்டும் போடாமல், எந்த இடத்தில் தயங்கினார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்