நீர்நாய்களை எங்கே அனுப்பச் சொல்கிறீர்கள்?

சிங்கப்பூரின் பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டிக் குடியிருக்கும் அண்டை வீட்டாருக்கு,

வணக்கம். நம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. நீர்நாய்கள் வீட்டுக் குளங்களில் புகுந்து, அழகுக்கு வளர்க்கும் கோய் மீன்களைத் தின்றுவிடுகின்றன, அவற்றைப் பிடித்து வேறெங்காவது கொண்டுபோய் விடச் சொல்லித் தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் தட்டுவோம் என்கிறது அது. நான் பூங்காவில் தொண்டூழியம் செய்கிறவள் என்று தெரிந்ததாலோ என்னவோ, எனக்கும் பலர் அனுப்பிவிட்டீர்கள். அந்த மின்னஞ்சலை அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

மீன் பறிகொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல கோய் மீனின் விலை நூற்றுக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில். காசைக்கூட விடுங்கள். பல வருடமாகக் கையில் தீனி வாங்கித் தின்ற மீன், காலையில் எழுந்து பார்த்தால் தலையும் செதிலுமாகக் கிடக்கும். நீர்நாய் வயிற்றுக்கு வேண்டியதோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யாது. ஆற்றில் மீன் தப்பித்து ஓடும், தொட்டிக்குள் ஓட இடமில்லை, அதனால் அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். "அட, மீன்தானே" என்று பேசுகிறவர்கள் எங்கள் தொண்டூழியர்களிலும் சிலர் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

சரி, பிடித்துக்கொண்டு போய் எங்கே விடுவது? நீர்நாய்கள் குடும்பமாக வாழ்கிறவை. ஆற்றில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை எங்களுடையது என்று ஒவ்வொரு குடும்பமும் எல்லை வகுத்து, புல்லிலும் கரையிலும் எச்சமிட்டு அடையாளம் வைத்திருக்கும். (பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த எச்சத்தில் மீன் செதில் மினுங்கும். வாடை மட்டும் தாங்க முடியாது.) இந்தச் சின்னத் தீவில் மீன் உள்ள நல்ல நீர்நிலை எதிலும் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக ஒன்றைக் கொண்டுபோய் விட்டால் சண்டைதான். பீஷான் குடும்பமும் மரீனா குடும்பமும் மோதிக்கொண்டதைச் செய்தியிலேயே படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சண்டைகளில் முதலில் சாவது குட்டிகள். இந்தப் பக்கம் காலியான இடமும் காலியாகவே கிடக்காது. மீனும் பொந்துக்கேற்ற கரையும் இருக்கிற வரை இன்னொரு குடும்பம் வந்து சேரும். அதற்கும் உங்கள் குளம் கண்ணில் படும். குட்டி போட்ட இடம் வீடுகளுக்கு நடுவே அமைந்து, வேறு வழியே இல்லாதபோது இங்கே நீர்நாய்களை இடம் மாற்றியது உண்டு. அது கடைசி வழி. உங்கள் செய்தி அதை முதல் வழியாகக் கேட்கிறது.

இந்த ஆறு எப்படி இருந்தது என்பதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு, ஆனால் பூங்கா ஓரத்தில் அது வெறும் கான்கிரீட் கால்வாயாகத்தான் கிடந்தது. இருபுறமும் வேலி, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று. தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து 2009ல் வேலையைத் தொடங்கி, அந்தக் கான்கிரீட்டை உடைத்து, கல்லும் செடியும் வைத்துக் கரை கட்டி, ஆற்றை வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். 2012ல் திறந்தபோது 62 ஹெக்டர் பூங்காவுக்குள் உண்மையான ஆறு ஓடியது. மழை வலுத்தால் தண்ணீர் பரவ இடம் இருக்கிறது, அபாயச் சங்கு ஊதினால் நாம் மேலேறிக்கொள்கிறோம். நம்மில் பலர் இந்தப் பக்கம் வீடு தேடியதே இதற்காகத்தானே. வீட்டு விளம்பரங்களில் "பூங்கா முகப்பு" என்று போட்டு விலை ஏற்றுகிறார்களே, அந்த முகப்பு இதுதான்.

நீர்நாய்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஆறுகள் நாறிய காலத்தில் அவை இந்தத் தீவில் இல்லாமலே போயிருந்தன. 1977ல் தொடங்கிய சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் துப்புரவுப் பணி பத்து வருடம் நடந்தது. 1998ல் தீவின் வடமேற்கில் சுங்கை பூலோ பக்கம் ஒரு ஜோடி தலைகாட்டியது. அப்புறம் மெல்ல மெல்ல நகருக்குள் இறங்கின. கால்வாயாக இருந்தபோது வராதவை, ஆறாக மாறியதும் வந்தன. இதே இனம் காவிரியிலும் இருக்கிறது. சங்கப் பாட்டிலேயே வாளை மீன் பிடித்துத் தின்கிற பிராணி, நம்மவர்களுக்குப் புதிதில்லை. உலகத்தில் அருகிவருகிற இனம் என்று பட்டியலில் இருப்பது, நம் புளோக்கின் பின்பக்கம் புல்தரையில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்கிறது.

அவை எதைத் தின்கின்றன என்றும் கொஞ்சம் பாருங்கள். ஒரு பெரிய நீர்நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மீன் வேண்டும். அதில் பெரும்பங்கு திலாப்பியா போன்ற வெளியூர் மீன்கள். யாரோ எப்போதோ வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவற்றின் வாரிசுகள். உங்கள் கோய்க் குளம் அவற்றுக்கு அன்றாடச் சாப்பாடு கிடையாது, போகிற வழியில் கதவு திறந்து கிடந்த கடை.

அதனால் கதவைச் சாத்துவதுதான் வேலை. நீர்நாய்க்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வாசல் கேட்டின் கம்பிகளுக்கு இடையே, கேட்டுக்கும் தரைக்கும் நடுவே, வடிகால் வெளியே போகிற ஓட்டையில் எல்லாம் உறுதியான வலைக்கம்பி போட வேண்டும். குளத்தின் மேலேயும் இரவில் மூடி போடலாம். தரையைத் தோண்டியும் வரும் என்பதால் வேலியின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். கோண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக்களுக்கு இது பெரிய செலவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறோம். ஒரு வீட்டில் கேட்டுக்கெல்லாம் கம்பி அடித்து முடித்த பிறகு, பின்பக்க வடிகாலின் மூடியில் ஈரக் கால்தடம் இருந்தது. அந்த மூடி ஓரத்தில் உடைந்திருந்ததை வீட்டுக்காரர் அதுவரை கவனித்ததே இல்லை.

எங்கள் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன். நீர்நாயைக் கொஞ்சுவதும் படம் பிடிப்பதும்தான் வேலை என்று சிலர் நினைக்கிறீர்கள். முக்கால்வாசி நேரம் குப்பை பொறுக்குகிறோம். அதில் மோசமானது தூண்டில் நரம்பு. ஆற்றில் இந்தப் பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது, இருந்தும் பிடிக்கிறார்கள். அறுந்த நைலான் நரம்பு நாணலில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் கண்ணுக்கே தெரியாது, கையுறை போட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இழுத்தால் நாணலும் சேர்ந்து வரும், அதனால் சின்னக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எடுப்போம். நுனியில் துருப்பிடித்த முள். அது கொக்கின் காலிலும் மாட்டும், நீர்நாய்க் குட்டியின் கழுத்திலும் மாட்டும், செருப்பில்லாமல் தண்ணீரில் இறங்குகிற உங்கள் பிள்ளையின் பாதத்திலும் ஏறும். மற்ற நேரம், குடும்பம் சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டிக் கார்களை நிறுத்துகிறோம். ஹார்ன் அடித்துத் திட்டுகிறவர்கள் குறைவு. இறங்கி வந்து படம் எடுக்கிறவர்கள்தான் அதிகத் தொல்லை.

பௌத்தர்களின் விசாக தினம் நெருங்கினால் வேறு வேலை. புண்ணியம் என்று ஆமையையும் மீனையும் வாளியில் கொண்டுவந்து விட வருவார்கள். கடையில் வளர்ந்த பிராணிக்கு இரை தேடத் தெரியாது. பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்தால் இங்குள்ளவற்றின் இரையைப் பிடுங்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் ஏற்பாட்டில் தொண்டூழியர்கள் கரையோரம் நின்று பேசிப் புரியவைக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது நம் தமிழ்க் குடும்பங்களுக்கு. அமாவாசைக்கும் திதிக்கும் காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார் என் மாமியார். அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் ஒரு பிடி சோற்றை இலையில் வைத்து, காக்கை வந்து தின்றதும் எடுத்துவிடுவது வேறு. மிச்சம் மீதிச் சாதத்தையும் ரொட்டியையும் தினமும் பையோடு கொண்டுவந்து பூங்காவில் கொட்டுவது வேறு. பின்னதை நம் ஆட்களே செய்வதைப் பார்த்திருக்கிறேன். 2023 பிப்ரவரியில் பீஷானில் காக்கைகள் போகிற வருகிறவர்களின் தலையில் கொத்திய செய்தி நினைவிருக்கும். உணவு கொட்டிக் கிடந்தால் காக்கை பெருகும், கூடுகள் அதிகமாகும், குஞ்சு இருக்கிற நேரத்தில் ஆளைத் துரத்தும். பிறகு கூண்டு வைத்துப் பிடித்துக் கொல்வார்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குகளுக்கு உணவளிப்பது நாடு முழுவதும் குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். நான் அபராதத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. முன்னோருக்குப் படைக்கிற சோற்றை எப்படி வைப்பது என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இந்த ஊர்ச் சட்டம் தெரியும்.

நாய் வளர்க்கிறவர்களுக்கு ஒரே விஷயம்: கயிறு. ஓடவிட ஆசையாக இருந்தால் பூங்காவிலேயே அதற்கென்று வேலி போட்ட இடம் இருக்கிறது. குட்டி வைத்திருக்கிற நீர்நாய்க் கூட்டம் எந்த நாயையும் விட்டுவைக்காது, அப்போது உங்கள் செல்லம் கடிபட்டால் பழி நீர்நாய்மேல் விழும்.

நீர்நாய் மனிதரைக் கடிக்காதா என்றும் கேட்கிறீர்கள். கடிக்கும். 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் ஒருவரைக் கீழே தள்ளிக் கடித்தன. விடியாத இருட்டில் வேறொருவர் ஓடிவந்து கூட்டத்தின்மேல் மிதித்துவிட்டதாகவும், பின்னால் நின்ற தன்மேல் அவை பாய்ந்ததாகவும் கடிபட்டவரே சொன்னார். அவர் அதிர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் நம் பூங்காவில் வார இறுதியில் நடப்பதைப் பாருங்கள். நீண்ட லென்ஸோடு பத்துப் பேர் பொந்து வாசலை அடைத்து நிற்கிறார்கள். குழந்தையை முன்னே தள்ளி "கிட்ட போ, கிட்ட போ" என்கிறார்கள் பெற்றோர். தாய் நீர்நாய் மூக்கைச் சுளித்து 'ஹா' என்று சீறுவதைச் சிரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தள்ளி நின்றால் போதும், அவை நம்மைச் சட்டை செய்யாமல் மீன் தின்றுகொண்டிருக்கும்.

ஆகவே அந்த மின்னஞ்சலை மாற்றி எழுதுவோம் என்கிறேன். வேறெங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்ற வரியை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கும் கோண்டோவுக்கும் வந்து தடுப்பு பற்றி ஆலோசனை சொல்ல ஆள் அனுப்புங்கள், குட்டி போடும் காலத்தில் பொந்துப் பக்கம் தற்காலிக வேலி போடுங்கள், தூண்டில்காரர்களைக் கண்காணியுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கடிதத்தில் எங்கள் தொண்டூழியர்களின் கையெழுத்தும் இருக்கும், மீன் பறிகொடுத்தவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். வரைவு எழுதித் தர நான் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றோரம் நரம்பு பொறுக்கிக்கொண்டிருப்போம், கையுறை கூடுதலாகவே வைத்திருக்கிறோம். வந்தால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பக்கத்து புளோக்கில் குடியிருக்கும் பூங்காத் தொண்டூழியர்