நீளம் கூட்டினால் மட்டும் வேகம் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பூவார் காயலில் நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகைகளைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன, எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி யாராவது அக்கறையாக எழுதினாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பலகை நீள நீள வேகமும் கூடிக்கொண்டே போகும் என்று அதில் வந்த ஒரு வரியை அப்படியே விட மனசு வரவில்லை. அதே பேச்சை நம்பித்தான் இரண்டு வருடங்களுக்கு முன் நான் 18 அடியில் ஒரு பலகை கட்டினேன்.

நான் இருப்பது நீரோடிக்குப் பக்கத்தில், இங்கிருந்து நடந்தே கேரளத்துக்குள் போய்விடலாம். வள்ளம் கட்டுவது தொழில். 1980களில் முட்டம் பக்கம் பரவத் தொடங்கிய பிளைவுட் வள்ளம் இருக்கிறதே, பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எப்பாக்ஸிப் பசை பூசி, மேலே ஃபைபர் துணி ஒட்டி எடுப்பது, அந்த வேலைதான் எனக்குத் தெரியும். உள்ளே கூடாக இருக்கும் நீளப் பலகைக்கும் அதே கை போதும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டாம் பிளேக் என்பவர் 1920களிலேயே ஹவாய்க்காரர்களின் பழைய நீளப் பலகையைப் பார்த்து, கனமான 16 அடி மரத்தில் நிறையத் துளை போட்டு எடை குறைத்து, அப்புறம் முழுக்கக் கூடாகவே செய்து 1932ல் காப்புரிமையும் வாங்கினார். நம் ஊரில் கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போட்டுக் கடலுக்குப் போனவர்களுக்கு இந்த விளையாட்டை யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வேகத்துக்கு வருகிறேன். பலகை தண்ணீரைப் பிளந்து போகும்போது முன்னால் ஒரு அலை எழும், வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் பலகையின் நீளத்தை எட்டிவிட்டால் பலகை தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏற முயல்கிற மாதிரி ஆகிவிடும், பின்பக்கம் பள்ளத்தில் உட்காரும், அதற்கு மேல் எவ்வளவு தம் பிடித்துப் போட்டாலும் பலன் கொஞ்சம்தான். கணக்குப்படி 14 அடிக்கு இந்த இடம் மணிக்கு ஏறக்குறைய 9.3 கிலோமீட்டரில் வருகிறது, 18 அடிக்கு 10.5ல். இது சுவர் மாதிரி நிறுத்திவிடாது, ஒல்லியான பலகை கொஞ்சம் தாண்டியும் போகும். ஆனால் சாதாரணமாக நம் பையன்கள் போடுகிற வேகம் 6, மிஞ்சினால் 7. அந்த வேகத்தில் அலை பெரிய தடையே இல்லை, தண்ணீர் பலகையின் அடியில் உரசுகிற உராய்வுதான் முக்கால்வாசித் தடை. எடையை மாற்றாமல் நீளத்தை மட்டும் 14லிருந்து 18க்கு இழுத்தால் நனைகிற பரப்பு சுமார் 13 சதவீதம் கூடும். ஆக, மெதுவாகப் போகிறவர் 18 அடிப் பலகையை வாங்கினால் காசும் கொடுத்து உராய்வையும் சேர்த்து வாங்குகிறார். போட்டிகளில் 14 அடி ஒரு வகுப்பு, அளவுக் கட்டுப்பாடே இல்லாத வகுப்பு ஒன்று, அதில் 17, 18 அடிப் பலகைகள் காலால் திருப்பும் சுக்கானோடு வருகின்றன. அதில் நிற்பவர்கள் 9, 10ல் மணிக்கணக்கில் போகிறவர்கள், அவர்களுக்கு அந்த நீளம் பலன் தரும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இங்கிலாந்தில் வில்லியம் ஃபுரூட் என்ற பொறியாளர் 1867ல் 3, 6, 12 அடி நீளத்தில் இரண்டு விதமான மாதிரிக் கப்பல்களைச் செய்து இழுத்துப் பார்த்தார், ஒரு வகைக்கு அண்டங்காக்கை என்று பெயர், அது கூர்மையானது. இன்னொன்றுக்கு அன்னம் என்று பெயர், அது பருமனானது. எது நல்லது என்பது வேகத்துக்கு வேகம் மாறியது. எந்த வேகத்துக்கு என்று கேட்காமல் எந்த வடிவத்தையும் புகழவோ திட்டவோ முடியாது என்று அன்றைக்கே அளந்து காட்டியாகிவிட்டது.

அடுத்தது அகலம், உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை. வேகத்துக்காகப் பலகையை ஒல்லியாக்குகிறோம், ஆனால் பலகை பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் சக்தி அகலத்தின் மூன்றாம் அடுக்கில் போகிறது, அதாவது அகலத்தை அகலத்தாலேயே இரண்டு முறை பெருக்கின கணக்கு. 28 அங்குலத்தை 22 ஆக்கினால் குறைவது ஆறு அங்குலம், போவது பாதிச் சக்தி. மேலே நிற்கிற மனிதனின் எடை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, அதனால் ஒல்லிப் பலகையில் நிற்பது சைக்கிள் ஓட்டுகிற மாதிரி, கணுக்கால் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குப் போகிற பலமும் துடுப்புக்குப் போக வேண்டிய பலம்தான். என் முதல் 18 அடிப் பலகை 21 அங்குலம். என் தங்கை மகன் நன்றாக நீந்துவான், வள்ளத்தில் வளர்ந்தவன், அவனே பத்து நிமிடத்தில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டான். நிற்கும் இடத்தை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்தித் தொட்டி மாதிரி செய்து இரண்டாவது பலகை கட்டியபோது அதே அகலத்தில் அவன் ஒரு மணி நேரம் போனான். மழைத்தண்ணீரும் தெறித்த தண்ணீரும் வெளியேற அந்தத் தொட்டிக்கு ஓட்டை வைக்க மறக்கக் கூடாது.

அப்புறம் ஆழம். இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதமே. எங்கள் ஏ.வி.எம். கால்வாயை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1860ல் திருவிதாங்கூர் அரசர் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், பூவாரிலிருந்து இந்தப் பக்கமாக வருவது. தண்ணீர் இருக்கிற இடங்களில் கண்ணாடி மாதிரி கிடக்கும், அலையே இல்லை, நீளப் பலகைக்கு இதைவிட நல்ல இடம் உண்டா என்றுதான் நானும் நினைத்தேன். 18 அடிப் பலகையை இறக்கினால் 8 கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்தில் போனதுமே யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, 14 அடியும் அப்படியே, இரண்டுக்கும் நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பலகையில் குற்றம் தேடி ஒரு மாதம் வீணாக்கினேன். குற்றம் பலகையில் இல்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் அலை ஒரு அளவுக்கு மேல் வேகமாக ஓடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த எல்லை மணிக்கு 11.3 கிலோமீட்டர், 70 சென்டிமீட்டர் என்றால் 9.4. அதில் முக்கால் பங்கு வேகத்துக்கு வரும்போதே தடை ஏற ஆரம்பித்துவிடும், பலகை தரையை நோக்கி அமுங்கும். இடுப்பளவுத் தண்ணீரில் எத்தனை அடி நீளம் வைத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. போதாததற்கு ஆகாயத்தாமரை வேறு, பலகையின் அடியில் நேராகக் கீழே இறங்கும் ஃபின் என்ற செதில் தகடு அதையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டு வரும். பின்பக்கம் நன்றாகச் சாய்ந்த ஃபின் போட்ட பிறகுதான் அது வழுக்கி விடுகிறது.

எப்படி அளப்பது என்று கேட்பவர்களுக்காக ஒரு வழி சொல்கிறேன், செலவு அதிகம் இல்லை. தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலோடு சேர்வதற்கு முன்னால் ஆழமான இடம் இருக்கிறது, அங்கே காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில் செய்ய வேண்டும். 24 அடி மூங்கில் ஒன்றை வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், குறுக்காக, நடுவில் ஒரே ஆணியில் சுழலும்படி மாட்ட வேண்டும். ஒவ்வொரு நுனியிலும் ஒரு பலகை, இரண்டுக்கும் ஒரே நீளக் கயிறு, ஒவ்வொன்றின் மேலும் 75 கிலோ மணல் மூட்டை. வள்ளத்தின் அலை விரிந்து வந்து தொடும் முன்பே பலகைகள் முடிந்துவிடுகிற தூரத்தில் அவை நிற்கும். வள்ளம் ஒரே சீராகப் போகும்போது எந்தப் பக்கம் தடை அதிகமோ அந்த நுனி பின்னால் சாயும், தராசு மாதிரியே. மூங்கில் நேராக வரும்வரை அந்தப் பக்கத்துக் கயிற்று முடிச்சை உள்ளே நகர்த்தி, இரண்டு பக்கத்துக் கை நீளத்தையும் அளந்தால் தடையின் விகிதம் கிடைத்துவிடும். கிலோ கணக்கிலேயே வேண்டுமென்றால் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசைக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம், 8 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று கிலோ அளவில்தான் இழுக்கும், அதனால் சின்னத் தராசே நல்லது. மணல் மூட்டையை ஒரு முழம் பின்னால் தள்ளினாலே எண் மாறிவிடும், நிற்கும் இடத்துக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் ஓட்டம் இருந்தால் போகவும் வரவும் ஓட்டி, இரண்டு வேகத்தைச் சராசரி எடுக்க வேண்டும், நேரத்தைச் சராசரி எடுத்தால் கணக்கு தப்பாகும்.

ஆழத்தில் என் பலகைகள் சொன்னது இதுதான்: 7 கிலோமீட்டர் வரை 14 அடிக்குத்தான் தடை குறைவு, 9ஐ நெருங்கும்போது 18 அடி ஜெயிக்கிறது. அதைக் கட்ட ஆகும் கூடுதல் பிளைவுட், தூக்க வேண்டிய கூடுதல் எடை, திருப்ப முடியாத அவஸ்தை எல்லாவற்றுக்கும் ஈடாக அந்த வேகத்தில் தொடர்ந்து போடக்கூடிய ஆள் வேண்டும். கூடுப் பலகை கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், காற்றுப் போக ஒரு சின்ன மரையாணித் துளை வைக்காமல் என் முதல் பலகையைச் சித்திரை வெயிலில் மணலில் போட்டேன், உள்ளே காற்று விரிந்து தையலே பிளந்தது.

வெளியூரிலிருந்து காற்றடைத்த பலகைகளை வாங்கிக் குவிக்கிற ரிசார்ட்டுக்காரர்களுக்கும், நீளமாக ஒன்று கட்டித் தாருங்கள் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கும் உங்கள் பத்திரிகை இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கரையில் எத்தனையோ கொட்டகைகளில் வள்ளத்துக்கு வேலை குறைந்துகொண்டு வருகிறது, இந்தப் பலகையை அந்தக் கைகளே கட்டலாம். ஆனால் எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம், யார் நிற்கப் போகிறார் என்று கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும்.

என் அடுத்த பலகை 16 அடி, 23 அங்குலம், தாழ்த்திய நிற்குமிடம், சாய்ந்த ஃபின். மழை ஓய்ந்ததும் ஆற்றில் இறக்குவேன். மூங்கிலின் இன்னொரு நுனி காலியாக இருக்கிறது, பலகை வைத்திருக்கும் யாரும் கொண்டுவந்து கட்டிப் பார்க்கலாம், காயல் கட்டுரை எழுதிய உங்கள் நிருபரும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
வள்ளம் கட்டும் வாசகர் ஒருவர்,
நீரோடி, கன்னியாகுமரி மாவட்டம்.