மூன்றாவது மடலில் நின்ற வரிசை

குருமன்காடு, வவுனியா
2004 நவம்பர் 14

அன்பின் மச்சான்,

நலம். உன் வீட்டார் நலமறிய ஆவல். நம்மைப் படிப்பித்த மாஸ்டரின் மறைவைப் பற்றிக் கையால்தான் எழுத மனம் வந்தது. அதனால் இது தபாலில் வருகிறது.

செத்தவீட்டுக்கு நான் போயிருப்பேன் என்று நினைத்து, யார் யார் வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். நான் போகவில்லை மச்சான். அவர் காலமானது ஒக்ரோபர் 30. செய்தி என் கண்ணில் பட்டது நவம்பர் 8. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. அன்றைக்கே தெரிந்திருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஒட்டுசுட்டானுக்கு ஓடியிருப்பேன். பதினொரு நாளாக எனக்கு வந்த மின்மடல்கள் எல்லாம், அவற்றை வாங்கி வைத்திருக்கும் கணினியான சேவரிலேயே கிடந்தன. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் பக்கத்திலும் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

ரெலிபோன் கம்பி வழியே இணையத்தில் சேர்க்கும் என் மொடெம் 56 கே, அதாவது விநாடிக்கு 56,000 பிட் வேகம். ஆனால் இந்த லைனில் 28,800க்கு மேல் ஒருநாளும் இணைந்ததில்லை. மாரி தொடங்கிவிட்டது அல்லவா, வயல்காரருக்கு நல்ல மழை, காலபோக விதைப்பு மும்முரம். ரெலிபோன் கம்பிக்கு அது கூடாது. இணைப்புகளில் ஈரம் இறங்கி இரைச்சல் கேட்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடர்பு அறுந்துவிடும்.

ஒக்ரோபர் 28 இரவு, மடல்களை இறக்கி வாசிக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்தேன். முதல் இரண்டு மடல்கள் வந்தன, மூன்றாவதில் அசையாமல் நின்றது. சேவர் 60 விநாடியாகப் பதில் தரவில்லை, காத்திருக்கவா நிறுத்தவா என்று ஒரு பெட்டி. காத்திரு என்றேன். லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் அதே முதல் இரண்டு மடல்கள் மறுபடியும் வந்தன, மறுபடியும் மூன்றாவதில் நின்றது. நாலைந்து நாளில் என் அக்காவின் ஒரே மடல் பதினாலு பிரதியாகிவிட்டது.

முதலில் மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்தேன். கணக்கை அழித்துத் திரும்ப அமைத்தேன். காத்திருக்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாக்கினேன். பக்கத்து அறை ரெலிபோனையும் கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் மாஸ்டர் கரும்பலகையில் கணக்குப் பிழைத்தால் செய்வது நினைவுக்கு வந்தது. விடையைத் தொட மாட்டார், முதல் வரிக்குப் போய் ஒவ்வொரு வரியாகக் கேட்பார். நானும் அப்படியே போனேன்.

முதல் வரி வைரஸ் காவல் நிரல். வரும் மடலை அது இடையில் பிடித்து, முழுவதும் இறங்கிய பிறகு சோதித்துத்தான் அவுட்லுக்கிடம் கொடுக்கும். பெரிய மடலென்றால் அதுவரை அவுட்லுக்குக்குச் சத்தமே வராது, சேவர் செத்துவிட்டது என்று நினைக்கும். அந்த மடல் சோதனையை மட்டும் நிறுத்தினேன். 60 விநாடிப் பெட்டி மறைந்தது, பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ஆனாலும் பாதிவழியில் லைன் அறுந்தது.

அடுத்தது சேவரையே நேரில் கேட்பது. இங்கே கணினி படிப்பிக்கும் தம்பி ஒருவர் சொல்லித் தந்தார். வேறொரு கணினியோடு தட்டெழுத்தில் பேச உதவும் ரெல்நெட் நிரலைத் திறந்து, மடல் சேவரின் பெயரும் 110 என்ற வாயில் எண்ணும் கொடுத்தால் அது பதில் சொல்லும். யூசர் என்று பெயர், பாஸ் என்று கடவுச்சொல், பிறகு பட்டியல் கேட்க லிஸ்ட். நாம் தட்டுவது திரையில் தெரியாது, ஆனால் போய்ச் சேரும். பதினேழு மடல்களின் அளவு வரிசையாக வந்தது. எல்லாம் இரண்டாயிரம், ஐயாயிரம் பைட். மூன்றாவது மட்டும் அறுபத்தெட்டு இலட்சம்!

அது உன் மகளின் அரங்கேற்றப் படங்கள் மச்சான். ஐந்து படமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து மெகாபைட், மடலில் இணைக்கும்போது எழுத்துகளாக மாற்றுவதால் மூன்றிலொரு பங்கு கூடிவிடும். 28,800 வேகத்தில் அதற்கு அரை மணிக்கு மேல் வேண்டும். என் லைன் பதினைந்து நிமிடத்தைத் தாண்டாது. பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை, அந்த மடல் முதலிலிருந்துதான் வரும். வந்து சேர்ந்த முதலிரண்டும் ஏன் திரும்பத் திரும்ப வந்தன என்றால், மடல் இறக்குவதற்கென்று 1996இல் எழுதிய பொப்3 விதிப்படி, முறையாகக் குவிட் என்ற கட்டளை சொல்லி விடைபெற்றால்தான் சேவர் எதையும் அழிக்கும். அறுந்த லைன் விடைபெறுவதில்லையே.

மூன்றாவது மடலை அழிக்கச் சொல்லி டெலீ 3 என்று தட்டினால் ஒரு நொடியில் அடைப்புப் போய்விடும். தம்பியும் அதைத்தான் சொன்னார். பிள்ளையின் அரங்கேற்றத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. வேறு வழி தேடி, 500 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலைச் சேவரிலிருந்து இறக்காதே என்று அவுட்லுக்கில் ஒரு விதி போட்டேன். மற்றப் பதினாலும் மூன்று நிமிடத்தில் வந்தன. அதில் ஒன்று மாஸ்டரின் மகன் பழைய மாணவர் எல்லாருக்கும் கொழும்பிலிருந்து அனுப்பியது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்ததால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. குப்பை மடல் என்று அழிக்கப் போனேன். தலைப்பில் மாஸ்டரின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. வேர்டில் ஒட்டி எழுத்துருவை மாற்றிப் பார்த்தபோதுதான் விசயம் தெரிந்தது. அன்றிரவு நித்திரையில்லை.

உன்னில் குற்றமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் லைனுக்கு அந்தப் படங்கள் ஒரு பொருட்டே இல்லை, எங்கள் கம்பி எப்படி என்று நானும் உனக்குச் சொன்னதில்லை. இனி அனுப்பும்போது படத்தை 640 அகலத்துக்குச் சுருக்கி ஜேபெக்காகச் சேமி, ஒன்று நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். ஒரு மடலில் ஒரு படம் போதும். தமிழில் எழுதுவதானால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட்டில் எழுது. எக்ஸ்பி கணினியில் லதா எழுத்துரு கூடவே வருகிறது, எழுத்துரு மாற்றிப் பார்க்கும் வேலை இல்லை. பெரிய மடல் இன்னும் சேவரில்தான் இருக்கிறது. சிறிய படங்கள் கைக்கு வந்த பிறகுதான் அதை அழிப்பேன்.

29ஆம் திகதி மாஸ்டரின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அநேகமாக அது முடிந்திருக்கும். செத்தவீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று அங்கே கேட்டறிந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்